அ, ஆ இருக்கட்டும், முதலில் பேசட்டும்: மீனாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததில் பெரிய நிம்மதி. எனக்குக் கண்புரை எடுத்து, புதுக் கண்ணாடியும் வந்தாயிற்று. என் கையெழுத்து திடீரென்று நேராகிவிட்டதற்கு அதுதான் காரணம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் வழக்கம்போல ஃபோனை எடுப்பதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்றரை வயதாகியும் பேரனுக்கு அ, ஆ தெரியவில்லை, அடுத்த வீட்டுப் பையன் சிலேட்டில் எழுதியே காட்டுகிறான் என்று மருமகள் புலம்புகிறாள், இப்போது நீயும் சேர்ந்துகொண்டாய். பாலர் வகுப்பில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் என்று என்னிடம் கேட்கிறாய். எழுத்து அட்டைகளைக் கொஞ்ச நாள் பீரோவில் வை. அவனைப் பேச விடு.

சும்மா சொல்லவில்லை. 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்துக்கூட்டும் திறனை, கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. இரண்டில் ஒன்று சைபர் என்றால் விடையும் சைபர். பக்கம் முழுக்கக் கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டுவதைப் பள்ளிக்கூடம் எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடும். மற்றப் பாதி பெரும்பாலும் வீட்டுப் பேச்சில்தான் வளர்கிறது.

தினமும் கதை வாசித்துக் காட்டுவதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் எப்படி வாசிக்கிறாய்? வைட்ஹர்ஸ்ட் என்பவரின் குழு 1988-இல் ஒரு சோதனை செய்தது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள். ஒரு பகுதிப் பெற்றோர் வழக்கம்போல வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வரிகளைக் குறைத்துக் கேள்விகளைக் கூட்டினார்கள், குழந்தை சொன்னதை எடுத்து நீட்டிச் சொன்னார்கள். வாசித்த தடவைகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். ஒரே மாதத்தில் இரண்டாம் பகுதிக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள்.

கட்டிலுக்கடியில் நாய் ஒளிந்திருக்கிற படம் என்று வைத்துக்கொள். “இது என்ன?” என்று கேட்டால் “நாய்” என்பான், கதை முடிந்தது. “ஏன் அங்கே போய் ஒளிஞ்சிருக்கு?” என்று கேள். “நாய் பயம்” என்பான். திருத்தாதே. “ஆமா, இடிச் சத்தம் கேட்டு நாய் பயந்துபோச்சு” என்று அவன் சொன்னதையே நிறைவாக்கித் திருப்பிக் கொடு. அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திரு. நம் வயதில் இதுதான் கஷ்டம், பிள்ளை வாய் திறப்பதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம்.

ஒரே புத்தகத்தையே மறுபடி மறுபடி கேட்கிறான் என்று சலித்துக்கொண்டாயே, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்த ஒரு சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. புதுச் சொற்கள் எல்லாருக்கும் ஒரே அளவுதான். வேறு வேறு கதைகளில் அவற்றைக் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கே அவை நன்றாக மனத்தில் நின்றன. உனக்கு அலுக்கட்டும், பரவாயில்லை.

பாட்டு வீடியோ பற்றி உன் மகன் வாதாடுகிறான் என்றாய். அவனிடம் இதைச் சொல். பெட்ரீஷியா கூல் என்பவர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். எதிரே ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை வீடியோவில் காட்டியபோது ஒன்றுமே ஏறவில்லை. 2003-இல் வந்த ஆய்வு. உன் பேரன் கைக்குழந்தை இல்லைதான், வீடியோவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பேச்சுத்துணைக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும். விளக்கை அணைத்துப் படுத்தபிறகு விளையாடலாம், புத்தகமே வேண்டாம். “கல், பல், மரம்: இதில் சேராதது எது?” என்று கேள். “பட்-டாம்-பூச்-சி” என்று கைதட்டிப் பிரி. “ப-வில் தொடங்குகிற சொல் ஒன்று நீ சொல், ஒன்று நான்” என்று போட்டி வை. பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நாலைந்து வயதில் இப்படி ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் வாசிப்பிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் நன்றாக வந்தார்கள்.

எழுத்தே வேண்டாமா என்று மருமகள் கேட்பாள். வேண்டும், அவன் கேட்கும்போது. முதலில் அவன் பெயர். பிறகு ட, ப, ம. பெரும்பாலும் நேர்கோடுகள், கைக்குச் சுலபம். புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், பட்டம், மடம் எல்லாம் உடனே கிடைக்கும், வாசித்துவிட்டேன் என்ற கர்வமும் வரும். 247 என்று பயமுறுத்தாதீர்கள். அதில் 216 உயிர்மெய், பெரும்பாலும் 18 மெய்யும் சில குறிகளும் சேர்ந்து வருபவை. கெ, கே, கை வரும்போது மட்டும் பொறுமை வேண்டும். இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிவிட்டு, கொம்பை முதலில் எழுதி ஒலியைப் பின்னால் சேர்க்கச் சொல்கிறோம். கொ என்றால் இரண்டு பக்கமும் வந்து நிற்கிறது. அங்கே தடுமாறினால் பிள்ளை மந்தம் என்று அர்த்தமில்லை, நம் எழுத்தின் அமைப்பு அப்படி. ர-வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்வான், அதுவும் போகப்போகச் சரியாகும்.

வாசித்துக் காட்டும்போது தலைப்பின் கீழ் மட்டும் விரலை ஓட்டு. இந்த வயதில் கண் படத்தைவிட்டு எழுத்துப் பக்கம் தானாக அதிகம் போகாது. எல்லா வரிக்கும் ஓட்டினால் கதை செத்துவிடும்.

இரண்டு படப் புத்தகங்கள் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரு வரி எழுத்துகூட இல்லாதவை, மருமகள் முகம் சுளிப்பாள், நீ சமாளி. கதையை அவனையே சொல்லச் சொல். சொல்லச் சொல்ல, அவன் பார்க்கும்படி, அவன் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுது. முடித்ததும் அவனுக்கே வாசித்துக் காட்டு. அந்தத் தாளை அடுத்த கடிதத்தோடு சேர்த்து எனக்கு அனுப்பு.

உன் அன்புத் தோழி,
வசந்தா