காப்பகத்தில் இருக்கும் நாய், பூனைகளுக்கு வீடு தேடித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவிட்டதிலிருந்து, காப்பகத்தை எங்கே கட்டுவது, செலவை யார் ஏற்பது என்பதே கிருஷ்ணகிரியில் பேச்சாக இருக்கிறது. உள்ளே போகும் நாய்களில் சிலவற்றையாவது வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம். விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று அதே நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவில் வழிகாட்டியிருக்கிறது.

கடந்த மாதம் குருபரப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையோரத்திலிருந்து நானும் நண்பர்களும் ஒரு லாப்ரடார் பெட்டையைத் தூக்கி வந்தோம். மடி தொங்கியிருந்தது, கழுத்தில் பட்டை அழுத்திய தடத்தில் முடியே இல்லை, கார் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று பார்த்தது. வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம் என்பது அதை இறக்கிவிட்டுப் போனவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

லாப்ரடார் என்பதால் அதைக் கேட்டு வாங்கிப்போக ஆள் வந்தது. கூடவே இருந்த நாட்டுப் பெட்டைக் குட்டிகளை எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. வருகிறவர்கள் வாசலிலேயே "ஆண் குட்டி இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டை என்றால் வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடும், ஊர் நாயெல்லாம் வீட்டைச் சுற்றும் என்ற பயம். உரிய வயது வந்ததும் இலவசமாகக் கருத்தடை செய்து தரப்படும் என்று எழுதிக் கொடுத்தாலே இந்தக் குட்டிகளில் பலவற்றுக்கு வீடு கிடைத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பூனைகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுப் போகிறார்கள். புது வீட்டில் இரண்டு வாரமாவது ஓர் அறைக்குள் வைத்துப் பழக்கினால்தான் பூனை தங்கும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.

ஆகவே, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நிர்வாகங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்நடை மருத்துவமனை வளாகத்தில் தத்தெடுப்பு முகாம் நடத்த வேண்டும். மூன்று மாதம் நிறைந்த குட்டிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதற்கான அட்டையோடு கொடுக்க வேண்டும். எடுப்பவர் வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். கொடுத்த நாய்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வீட்டுக்காரர் சம்மதிக்காததுதான் காரணமாக இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.