ஆர்.சி.யில் ஒரு வண்டி, கையில் வேறு வண்டி

அனுப்புநர்:
ஃபைபர் படகு வேலை செய்பவர்,
காசிமேடு, சென்னை - 600 013.

பெறுநர்:
மேலாளர்,
பழைய வாகன விற்பனைப் பிரிவு.

நாள்: 17.02.2025

பொருள்: பெயர் மாற்ற முடியாத பக்கி வண்டியை (buggy, கதவில்லாத திறந்த கார்) விற்றது, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருவது.

ஐயா,

கடந்த நவம்பர் 9ஆம் தேதி உங்கள் ஷோரூமில் 4,60,000 ரூபாய் கொடுத்து ஒரு சிவப்பு பக்கி வண்டி வாங்கினேன். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் அடித்தட்டின் மேல், தனிப் பாகங்களாக, கிட்டாக வந்த ஃபைபர் பாடியைப் பூட்டிய வண்டி. மூன்று மாதம் கடந்துவிட்டது. இன்னும் அது என் பெயருக்கு மாறவில்லை. இந்த நிலையில் மாறவும் மாறாது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக ஃபைபர் போட் வேலை செய்கிறேன். இந்த வகை பக்கியை 1964இல் கலிபோர்னியாவில் உருவாக்கிய புரூஸ் மேயர்ஸும் ஃபைபர் படகு கட்டியவர்தான். கண்ணாடியிழை மேட்டும் (mat) ரெசின் பசையும் போட்டு அச்சில் எடுத்த அந்த உடம்பை ஒருநாள் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. உங்கள் ஷோரூமில் பாடி முழுக்க நாணயத்தால் தட்டித் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் உள்ளே பொள்ளலாக ஒலிக்கவில்லை. பின் மட்கார்டு ஓரத்தில் மட்டும் ஜெல்கோட் மேற்பூச்சில் மயிரிழை விரிசல், அது எனக்கு அரை நாள் வேலை. பேப்பர் விஷயத்தைக் கேட்டபோது, "எல்லாம் கிளீன்ணே, ஒரு மாசத்துல பேர் மாறிடும்" என்றார் உங்கள் விற்பனையாளர். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

டிசம்பர் முதல் வாரம் எங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பின் சீட்டைக் கழற்றச் சொன்னார். அடியில் நடு டனல் (அடித்தட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேடு) மேல்தான் சேசிஸ் நம்பர் அடித்திருக்கிறது. துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். நம்பர் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வந்தது, ஆர்.சி.யோடு சரியாகப் பொருந்தியது. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர் டேப்பை எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை பிடித்தார். ஆர்.சி.யில் வீல்பேஸ் 2400 மில்லிமீட்டர். டேப்பில் வந்தது 2032. பாடி வகை 'சலூன்', அதாவது கதவும் கூரையும் உள்ள மூடிய கார் என்று போட்டிருக்கிறது. என் வண்டிக்குக் கதவே கிடையாது. பேப்பரில் இருப்பது ஒரு கார், நிற்பது வேறு கார், இதை நான் எப்படிப் பதிவு செய்ய முடியும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்து தரை ரெக்ஸினை உரித்துப் பார்த்தேன். டனல் குறுக்கே வெல்டிங் தையல், அதன் மேல் கறுப்பு அண்டர்கோட் பூசி மறைத்திருக்கிறது. இந்த பக்கிகளுக்காக பீட்டிலின் அடித்தட்டை 14½ அங்குலம் வெட்டிக் குறுக்குவது வழக்கம். என் டேப் கணக்கும் அதையேதான் காட்டுகிறது. ஆனால் குறுக்கியவர் ஹேண்ட்பிரேக் கேபிளைக் குறுக்கவில்லை. மிச்சக் கேபிளை மடித்துக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறார். ஹேண்ட்பிரேக் ஒரு சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. இதைக்கூடப் பார்க்காமலா விற்பனைக்கு வைத்தீர்கள்?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அப்படி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நான் படகு வேலைக்காரன், இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். பழைய வண்டி விற்பதே தொழிலாக இருக்கும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

போனில் உங்கள் ஆட்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, புரோக்கரைப் பிடித்து முடித்துக்கொள்ளச் சொன்னது. பொய் விவரத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொன்று, 50 வருடம் தாண்டிய வண்டிதானே, வின்டேஜ் பதிவு எடுங்கள் என்பது. 2021இல் வந்த அந்த விதியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றாமல் அசலாக இருக்கும் வண்டிக்குத்தான் அது. வெட்டி ஒட்டிய இந்த வண்டிக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, வின்டேஜ் பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான்.

எனக்கு அடிமனதில் உறுத்துவது வேறு. வாங்கிய வாரம் என் மகளை முன் சீட்டில் உட்கார வைத்து எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டினேன். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள். அன்று யாராவது மீது மோதியிருந்தால், ஆர்.சி.யில் உள்ள காரும் இதுவும் ஒன்றல்ல என்று இன்சூரன்ஸ் கைவிரிக்க இடம் இருந்திருக்கும். ஆர்.சி.யில் இன்னும் முந்தைய உரிமையாளரின் பெயர்தான் இருக்கிறது. அந்த மனிதருக்கும் நோட்டீஸ் போயிருக்கும். இன்ஸ்பெக்டர் சொன்ன அன்றிலிருந்து வண்டி என் ஷெட்டில் இரண்டு போட்டுக்கு நடுவே தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. கடல் காற்று அந்த வெல்டிங்கை ஒவ்வொரு நாளும் தின்கிறது.

ஆகவே 15 நாளுக்குள் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 4,60,000 ரூபாயையும், நான் கட்டிய இன்சூரன்ஸ் பணத்தையும் என் வங்கிக் கணக்கில் போட வேண்டும். மாதத் தவணையாகவோ, பதிலுக்கு வேறு வண்டியாகவோ வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். உங்கள் சான்றின் நகலையும், வண்டி உங்கள் கைக்கு வந்தபோது தெரிவித்த படிவம் 29சி நகலையும் அனுப்புங்கள். உங்கள் பில்லில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அந்த வண்டியை மறுபடி விற்பதென்றால், சாலையில் ஓட்ட முடியாது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்க வேண்டாம்.

பில், ஆர்.சி. நகல், இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பு, வெல்டிங் தையலின் ஆறு புகைப்படம், டேப் பிடித்த படம் இரண்டு, விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

எடுக்க வருபவர்கள் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போகும்படி வரட்டும். அந்த ஹேண்ட்பிரேக்கோடு, அந்த ஆர்.சி.யோடு, என் ஷெட்டிலிருந்து ரோட்டில் ஓட்டிப் போக நான் சாவி தர மாட்டேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)