சிட்னி ஏசி டிசி நிகழ்ச்சி: “கடைசி நாலு டிக்கெட்” என்று சொல்லி விற்றது பற்றிய புகார்

உவர்மலை,
திருகோணமலை.
2026 ஜனவரி 8

முகாமையாளர் அவர்களுக்கு,
வெளிநாட்டு நிகழ்ச்சி டிக்கெட் பிரிவு,
கொழும்பு.

பொருள்: 2025 நவம்பர் 21 சிட்னி ஏசி டிசி இசை நிகழ்ச்சிக்கான நான்கு டிக்கெட்டுகளைப் பொய்யான தகவல் சொல்லி விற்றமையும், சொன்ன இடத்தைத் தராமையும்.

ஐயா,

சிட்னி அக்கோர் ஸ்டேடியத்தில் நடந்த ஏசி டிசி என்ற ரொக் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு உங்கள் நிறுவனத்தின் ஊடாக நாங்கள் நான்கு பேர் டிக்கெட் வாங்கினோம். ஒன்று 96,000 ரூபாய்ப்படி மொத்தம் 384,000 ரூபாய். கடந்த ஜூலை 7 ஆம் திகதி திருகோணமலையில் வங்கியில் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை டிசம்பர் முதல் கிழமையே எழுதியிருக்க வேண்டும். நாங்கள் ஊர் திரும்பியபோது டித்வா புயல் அடித்து ஓய்ந்திருந்தது. நான் மின்சார சபையில் லைன் பராமரிப்பில் வேலை செய்பவன். அந்த மாதம் முழுக்க விழுந்த கம்பங்களோடும் அறுந்த வயர்களோடும் போய்விட்டது. தாமதத்துக்கு அதுதான் காரணம். விஷயத்தை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

நாங்கள் யார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் எங்கள் கோபம் உங்களுக்கு விளங்காது. 1984 இல் கப்பலில் வேலை செய்த என் பெரியப்பா இந்தக் குழுவின் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது எனக்கு 16 வயது. அந்த வருடங்களில் திருகோணமலையில் இருந்தவர்களுக்கு ஊரடங்கு இரவு எப்படிப்பட்டது என்று தெரியும். நாலு பற்றரி போட்ட பிளேயரைப் போர்வைக்குள் வைத்து, சத்தத்தைக் குறைத்துக் கேட்போம். உரத்துக் கேட்பதற்கென்றே செய்த பாட்டை நாங்கள் காதை ஒட்டவைத்துத்தான் கேட்டோம். அந்தக் கேசட், 1980 இல் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் இறந்து சில மாதங்களுக்குள் பிரையன் ஜோன்சன் என்ற புதியவரைச் சேர்த்துக்கொண்டு வெளியிட்டது என்பதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. ஒரு தையல் மெஷினில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று அறிந்த நாள் நான் அம்மாவின் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மெஷினை இன்றுவரை நான் விற்கவில்லை.

இந்தக் குழு 1973 இல் சிட்னியில் தொடங்கியது. அதைத் தொடங்கிய கிற்றார்காரர்கள் மல்கம் யங், அங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பியின் குடும்பம் 1963 இல் கிளாஸ்கோவிலிருந்து வந்து குடியேறியது சிட்னியின் பேர்வூட் பகுதியில். என் அக்கா இருப்பது அதற்குப் பக்கத்தில், ஹோம்புஷில். ஆகவே 2015 க்குப் பிறகு முதல் தடவையாக அவர்கள் அவுஸ்திரேலியாவில் வாசிக்கப் போகிறார்கள் என்ற செய்தி போன ஜூன் கடைசியில் வந்ததும், போனால் சிட்னிக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. இருப்பிடச் செலவில்லை. விமானத்துக்கும் டிக்கெட்டுக்கும் மட்டும் காசு வேண்டும்.

விற்பனை தொடங்கிய அன்று நாங்களே வாங்கப் பார்த்தோம். வரிசையில் நின்று உள்ளே போனபோது வங்கி அட்டை ஏற்கவில்லை. மறுபடி நின்றால் மறுபடி அதே கதை. அப்புறம்தான் உங்களிடம் வந்தோம்.

ஜூலை 6, ஞாயிறு பின்னேரம், உப்புவெளியில் என் மைத்துனரின் வீட்டு முற்றத்தில் நாலு பேரும் இருந்து கதைத்தோம். அன்று நடந்த வாதத்தை விரிவாக எழுதுகிறேன். உங்கள் ஆள் கைவைத்தது அந்த வாதத்தில்தான்.

மீன்வாடி வைத்திருக்கும் நண்பர் அவசரப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணம் சும்மா கதையில்லை. முதலில் நவம்பர் 21 மட்டும்தான் அறிவித்தார்கள். பிறகு 25 ஆம் திகதியையும் சேர்த்தார்கள். ஸ்டேடியம் 2000 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது, 80,000 பேர் கொள்ளும். இரண்டு இரவு என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள். ஒரே ஊரில் அத்தனை பேரும் முதல் கிழமையிலேயே வாங்கி முடிக்கமாட்டார்கள், பொறுத்தால் கிடைக்கும் என்றார். மைத்துனர் அதையே மறுபக்கம் திருப்பினார். முதல் இரவு நிறைந்ததால்தானே இரண்டாவதைச் சேர்த்தார்கள், ஆள் இல்லாமல் யார் சேர்ப்பார்கள் என்று கேட்டார். அவருடைய பெரிய பயம் வயது. பிரையன் ஜோன்சன் 1947 இல் பிறந்தவர். 2016 இல் காது கேட்காமல் போகும் நிலை வந்து சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டவர். மல்கம் 2017 இல் போய்விட்டார், அவருடைய இடத்தில் இப்போது வாசிப்பது அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி. அங்கஸுக்கு 70. இனி ஒரு பத்து வருடம் கழித்து வருவார்களா என்று மைத்துனர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வங்கியில் வேலை செய்யும் தம்பி இன்னொன்று சொன்னான். மேடை, ஒலிப்பெட்டி, கமரா எல்லாம் எங்கே வரும் என்று தெரியும்வரை கொஞ்ச இருக்கைகளை விற்காமல் ஒதுக்கி வைப்பார்கள், மேடை கட்டி முடிந்ததும் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னால் அவற்றை விடுவார்கள் என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் விமானச் சீட்டை நவம்பரில் எடுக்க முடியாதே? விலை எங்கேயோ போய்விடும். டிக்கெட் கையில் இல்லாமல் விமானச் சீட்டு எடுக்கவும் மனம் வராது. கடைசியில், செப்டம்பர் வரை பொறுப்போம் என்ற பக்கம்தான் கதை சாய்ந்தது. மூன்று பேர் சரி என்றோம். மைத்துனர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் நாங்கள் வரச் சொல்லியிருந்த உங்கள் முகவர் வந்து சேர்ந்தார். மரியாதையான பிள்ளை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு எங்கள் கதையை முழுக்கக் கேட்டார். பிறகு போனை எடுத்துக் கொழும்பு அலுவலகத்தோடு கதைத்தார். வைத்துவிட்டுச் சொன்னது இது: “25 ஆம் திகதி முழுக்க முடிஞ்சுது. 21 க்கு மேடைக்கு முன்னால நிற்கிற இடத்தில எங்களிட்ட கடைசி நாலுதான் இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காசு கட்டாட்டி வேற ஆளுக்குப் போயிடும்.” நாங்கள் நாலு பேர், டிக்கெட்டும் நாலு. மைத்துனர் எழுந்தே விட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் காசு கட்டிவிட்டோம். தம்பி அதற்காகத் தன் பெயரில் இருந்த நிலையான வைப்பை உடைத்தான்.

இனி நடந்ததைப் பாருங்கள்.

ஓகஸ்ட் 20 ஆம் திகதியளவில் மட்டக்களப்பில் உள்ள மைத்துனரின் நண்பர்கள் இருவர் அதே முகவரிடம் அதே 21 ஆம் திகதி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கினார்கள். அவர்களுக்கும் சொன்னது “கடைசி நாலு”. எங்களிடம் ஜூலையில் முடிந்த நாலு, ஓகஸ்டில் மறுபடி எப்படி வந்தது? அப்போதே உங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். வேறு வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது என்றார்கள். நம்பினேன்.

டிக்கெட் எங்கள் போனுக்கு வந்தது நவம்பர் 18 ஆம் திகதி, நாங்கள் சிட்னியில் இறங்கிய பிறகு. அதுவரை எத்தனை தடவை எடுத்திருப்பேன்! “வரும் ஐயா, வரும்” என்ற ஒரே பதில். வந்தபோது அவை நிற்கும் இடமே இல்லை. மேல் தளத்தில், மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கைகள். அதிலும் இரண்டு ஓரிடத்தில், மற்ற இரண்டும் தனித்தனியே வேறு பகுதிகளில். பற்றுச்சீட்டில் உங்கள் ஆட்களே “மைதானத் தரை, நிற்கும் பகுதி” என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். பிரதியில் பாருங்கள்.

என் மருமகன் அங்கே படித்த பிள்ளை. டிக்கெட்டுகள் கைமாறிய விவரத்தை எடுத்துக் காட்டினான். நான்கும் முதலில் வாங்கப்பட்டதே நவம்பர் 16, 17 ஆம் திகதிகளில், மூன்று வெவ்வேறு பெயர்களில். அப்படியென்றால் ஜூலை 6 ஆம் திகதி “எங்களிட்ட இருக்கு” என்று உங்கள் முகவர் சொன்னபோது உங்கள் கையில் ஒரு டிக்கெட்டும் இல்லை. இல்லாத பொருளை விற்றீர்கள். எங்கள் காசை நாலு மாதம் வைத்திருந்துவிட்டு, விலை இறங்கி மிச்ச இருக்கைகள் வெளியே வந்த நேரத்தில் கிடைத்ததை வாங்கித் தந்தீர்கள். அதே கிழமையில் மருமகன் தனக்கும் மனைவிக்கும் உரிமையுள்ள விற்பனையாளரிடம் நேரே வாங்கினான், எங்களுடையதை விட நல்ல இடம். அவன் கொடுத்தது, நாங்கள் ஒருவருக்கு உங்களுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. தம்பி முற்றத்தில் சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. அவனுடைய பேச்சைக் கேட்காமல் அவனுடைய வைப்பை உடைக்க வைத்தோமே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிகழ்ச்சியில் ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மேடையில் பெரிய மணி இறங்கியதைப் பார்த்தேன். கடைசியில் மேடைப் பீரங்கிகள் வெடித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட உடுப்போடு அந்த 70 வயது அங்கஸ் ஓடியாடி வாசித்ததைப் பார்க்க அழுகை வந்தது. அந்த நேரம் பக்கத்தில் திரும்பினால் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று இல்லை. போர்வைக்குள் ஒன்றாகக் காதை வைத்துக் கேட்ட மைத்துனர் ஸ்டேடியத்தின் எங்கோ ஒரு மூலையில் தனியே இருந்தார். 41 வருடம் காத்திருந்த ஒரு இரவை நாங்கள் மூன்று இடத்தில் இருந்து பார்த்தோம். 384,000 ரூபாயை விட இதுதான் எங்களுக்குப் பெரிய நட்டம். இதை நீங்கள் திருப்பித் தர முடியாது.

டிசம்பர் 19 ஆம் திகதி உங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மா போனில் எனக்குச் சொன்ன விளக்கம்: “கேள்வி கூடினால் விலை கூடும், அது சந்தை.” கேள்வி கூடினால் விலை கூடும் என்பது எனக்கும் தெரியும். மீன்வாடி நண்பரைக் கேட்டால் அதை இன்னும் நன்றாகச் சொல்வார். காற்று எழும்பி வள்ளம் போகாத நாளில் அவரும் விலை கூட்டுகிறார். ஆனால் பெட்டியில் மீன் இல்லாதபோது “இருக்கிறது” என்று சொல்லிக் காசு வாங்குவதில்லை, பாரை என்று சொல்லிச் சாளை கொடுப்பதுமில்லை. எவ்வளவு பேர் வாங்குகிறார்கள், எத்தனை மிச்சம், பொறுக்கலாமா வேண்டாமா என்பதை நாங்கள் நாலு பேரும் எங்களுக்குத் தெரிந்ததை வைத்து நேர்மையாகப் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் உங்கள் ஆள் ஒரு பொய்யைப் போட்டார், அது தீர்மானத்தை மாற்றியது. உங்களோடு எனக்குள்ள வழக்கு இதுதான்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2018 முதல், மறுவிற்பனைக் கட்டுப்பாட்டோடு வரும் டிக்கெட்டை மூல விலைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக வைத்து விற்பது சட்டப்படி தவறு. இங்கே, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விதமாக நடப்பதைத் தடை செய்கிறது. இரண்டையும் உங்கள் சட்ட ஆலோசகரிடம் காட்டுங்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். நான்கு டிக்கெட்டுகளின் மூல விலையையும் அதற்கு மேல் 10 சதவீதத்தையும் கழித்துக்கொண்டு மிகுதிக் காசைத் திருப்பித் தாருங்கள். தம்பியின் பங்கை முதலில் அனுப்பினால் நல்லது. அடுத்து, ஜூலை 6 ஆம் திகதி உங்களிடம் உண்மையில் எத்தனை டிக்கெட் இருந்தது என்பதை எழுத்தில் தர வேண்டும். மட்டக்களப்பு நண்பர்களுக்கும் இதே பதில் போக வேண்டும். அவர்கள் தனியே எழுதுகிறார்கள். அந்த முகவர் பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று நீங்கள் பாருங்கள்.

ஜனவரி 23 ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டு, டிக்கெட் கைமாறிய விவரம், மட்டக்களப்பு நண்பர்களின் கடிதம் எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுப்போம். பதிலைத் தமிழிலேயே அனுப்புங்கள். நாலு பேரும் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மற்ற மூவரின் சம்மதத்தோடு,
வாடிக்கையாளர் (பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளபடி)