சொந்த போனில் பேசியதை எந்த வேட்பாளர் கணக்கில் எழுதுவீர்கள்?

இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு,

வணக்கம். குமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். அங்கே முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை எகிறும். வள்ளம் கவிழ்ந்து எங்கள் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2024 தேர்தல் நேரத்தில் அலைத்தடுப்புச் சுவர்க் கல்லில் நின்று போனில் பேசி ஒரு வீடியோ போட்டேன். இதைப் பற்றிப் பேசிய வேட்பாளர் யார், வாயே திறக்காதவர் யார், என் ஓட்டு யாருக்கு என்று நாலு நிமிடம். காற்று இரைச்சலில் பாதி கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் வேட்பாளர்களின் தேர்தல் செலவுக் கணக்கைப் பார்க்கும் ஓர் அலுவலர் கூப்பிட்டார். "இந்தச் செலவை எந்த வேட்பாளர் கணக்குல எழுத?" செலவே இல்லை சார் என்றேன். "காசு வாங்காம யாராவது இப்படி பேசுவாங்களா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அம்மா பயந்து அழுததால் அன்று ராத்திரியே வீடியோவை எடுத்துவிட்டேன்.

பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். வேட்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவர் வெற்றிக்காக விளம்பரம், வெளியீடு என்று செலவு செய்தால் குற்றம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 176-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். பத்து ரூபாய்க்குள் செலவு என்றால் பத்து நாளில் வேட்பாளரிடம் ஒப்புதல் வாங்கித் தப்பலாம். அந்தப் பத்து ரூபாய் 1920-இல் பழைய தண்டனைச் சட்டத்தில் வைத்தது, புதியதிலும் அப்படியே இருக்கிறது. என் ஒரு மாத ரீசார்ஜே அதைத் தாண்டும்.

சொந்தக் கணக்கில் போடும் கருத்து விளம்பரம் ஆகாது, விளம்பரத்துக்கு முன்கூட்டியே வாங்க வேண்டிய ஒப்புதலான முன்சான்று தேவையில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் செலவுக் கணக்கு பார்ப்பவர்களுக்கும் அதையே தெளிவாகச் சொல்ல வேண்டாமா? அமெரிக்கத் தேர்தல் ஆணையம் 2006-லேயே, கூலி வாங்காமல் தனி ஆள் இணையத்தில் செய்யும் அரசியல் வேலையைக் கணக்கிலிருந்து விலக்கி, காசு கொடுத்து அடுத்தவர் தளத்தில் போடும் விளம்பரத்தை மட்டும் கணக்கில் வைத்தது.

காசு வாங்கிப் பேசுபவரை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்ற செலவு உச்சவரம்பு அர்த்தத்தோடு இருக்க வேண்டுமானால், அப்படிப் பேசுபவர்கள் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் வர வேண்டும். பணம் கைமாறியதா என்று பாருங்கள். கைமாறாத இடத்தில் எங்களை விட்டுவிடுங்கள். செலவினப் பார்வையாளர்கள் எல்லோருக்கும் இதை எழுத்தில் அனுப்புங்கள். 176-ஆம் பிரிவைத் திருத்த அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

அந்த வீடியோ இன்னும் என் போனில்தான் இருக்கிறது. மறுபடி போடும்போது அம்மாவிடம் காட்ட உங்கள் உத்தரவு ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
தேங்காப்பட்டணத்து வாக்காளன் ஒருவன்