வால்வு எரிவதைப் பார்த்து விலை பேசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வால்வு (பழைய ரேடியோக்களில் எரியும் கண்ணாடிக் குழல்) கிட்டார் அம்ப்ளிஃபயர் விற்பனைக்கு என்ற சிறு விளம்பரங்களைத் தங்கள் பத்திரிகையில் இப்போது அடிக்கடி காண்கிறோம். மலையகத்து இசைக்குழுப் பிள்ளைகளும் தேவாலயப் பாடகர் குழுக்களும் சீட்டுப் பணம் எடுத்தாவது இவற்றை வாங்குகிறார்கள். விற்பவர் சுவிட்சைப் போட்டு, வால்வுகள் செந்நிறமாக எரிவதைக் காட்டுகிறார். உடனே விலை படிந்துவிடுகிறது. வால்வின் இழை எரிய 6.3 வோல்ட் போதும். உள்ளே 400, 450 வோல்ட்டில் வேலை செய்யும் பகுதிகள் எப்படி இருக்கின்றன என்பதை அந்த வெளிச்சம் சொல்லாது. மாறாக, பல வருடம் ஸ்டோரில் ஈரம் குடித்துக் கிடந்த பெட்டிக்கு ஒரேயடியாக 230 வோல்ட்டைக் கொடுப்பதே அதைக் கெடுக்கும் வேலை. எனவே விற்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: நாங்கள் வரும்வரை அதை கரண்டில் போடாதீர்கள்.

காசு கொடுப்பது எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். வால்வு, கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்பு), தடை, வயர் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைப்பவை. எளிதில் கிடைக்காதது டிரான்ஸ்போமர். மின்சாரத்தை உள்ளே எடுப்பது ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்புவது ஒன்று. இந்த இரண்டும் மூலத்தில் இருந்தபடியே நல்ல நிலையில் இருந்தால் மற்றதெல்லாம் கெட்டிருந்தாலும் பெட்டியைக் காப்பாற்றலாம். இவை எரிந்திருந்தால் பெயர்பெற்ற பிரித்தானிய முல்லார்ட் வால்வு எத்தனை இருந்தும் பயனில்லை. மோட்டர் சுற்றுபவரிடம் கொடுத்துத் திரும்பச் சுற்றலாம் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வெளியீட்டு டிரான்ஸ்போமரில் உயர்மின் சுற்றும் ஸ்பீக்கர் சுற்றும் மாறிமாறி அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதை அறியாதவர் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றித் தந்தால் கிட்டாரின் மேல்தொனி மழுங்கிப்போகும்.

முதலில் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பிரித்தானியத் தயாரிப்புகளான வொக்ஸ், மார்ஷல் பெரும்பாலும் நம் நாட்டு மின்சாரத்துக்கு ஒத்துப்போகும். வோல்ட் தெரிவுச் சுவிட்ச் 220இல் நிற்கிறதா 240இல் நிற்கிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். தோட்டத்து லைனில் மாலையில் கரண்ட் இறங்கி, நடு இரவில் 240ஐத் தொடும் இடங்கள் உண்டு. 220இல் வைத்த பெட்டிக்கு 240 வந்தால் 6.3 வோல்ட் இழைக்கு 6.9 வோல்ட் போகும். அது வால்வு தாங்கும் எல்லை. அதற்கு மேல் ஆயுள் குறைவுதான். அமெரிக்க ஃபெண்டர் 117 வோல்ட், 60 சுழற்சிக்குச் செய்யப்பட்டிருந்தால் இறக்கு டிரான்ஸ்போமர் கட்டாயம். இங்கே 50 சுழற்சி என்பதால் இரும்பு கூடுதலாகச் சூடேறும். ஆகவே 230க்கு 120 தருவதை விட 230க்கு 110 தருவதே நல்லது. 240 வந்தாலும் 115ஐத் தாண்டாது. ஃபெண்டரின் 85 வாட் ட்வின் ரிவர்ப் போன்ற பெரிய பெட்டிக்கு 500 வாட் அளவுக்குக் குறையாமல் எடுங்கள். பயணிகளுக்காக விற்கும் சின்ன மின்னணு 'கன்வர்ட்டர்' வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவது வெட்டுப்பட்ட அலை, டிரான்ஸ்போமரை எரித்துவிடும். இறக்கு டிரான்ஸ்போமர் வாங்கும்போது அதன் எர்த் முள் வெளியீட்டுப் பக்கம் வரை தொடர்கிறதா என்பதை மீட்டரில் பார்த்துவிட வேண்டும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இது உயிர் சம்பந்தப்பட்டது. அறுபதுகளின் ஃபெண்டர்களில் இரண்டு முள் பிளக்கும், மின் கம்பியிலிருந்து சேசிக்கு (உறுப்புகளைப் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டம்) போகும் 0.047 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்றும், அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றும் 'கிரவுண்ட்' சுவிட்சும் இருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் சேசி முழுவதிலும் கரண்ட் ஏறும். கிட்டாரின் கம்பியிலும் ஏறும். பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் போதும். நனைந்த சிமெந்துத் தரையில் கோயில் திருவிழா மேடை போடும் நமக்கு இது தூரத்து ஆபத்து அல்ல. அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்து, கிரவுண்ட் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, மூன்று இழை வயர் போட்டு, எர்த் இழையைச் சேசியில் அதற்கென்றே ஒரு போல்ட்டில் முறுக்க வேண்டும். பிளக்கின் எர்த் முள்ளுக்கும் சேசிக்கும் இடையே ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். மதிப்புக் குறையும் என்று சொல்லி இதைத் தடுப்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

வயர் நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய பிரித்தானிய முறையில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை எர்த். அமெரிக்க முறையில் கறுப்புத்தான் உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமல், பச்சை எர்த். நம் வீடுகளில் சிவப்பு, கறுப்பு கண்டு பழகியவர் ஃபெண்டரின் கறுப்பை நொதுமல் என்று எடுத்துப் பியூசையும் சுவிட்சையும் நொதுமலில் போட்டுவிடுவார். அப்புறம் சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும்.

சேசியைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் தடையொன்றின் ஒரு முனையைச் சேசியில் கவ்வி, மறுமுனையைக் காப்பிட்ட கவ்வியால் கெப்பாசிட்டரின் நேர்முனையில் பத்து விநாடி பிடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்கவும். ஸ்க்ரூட்ரைவரால் குறுக்கே போட்டுத் தீப்பொறி பறக்க இறக்குவது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. இந்த வேலையில் பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். பழகிய ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

திறந்ததும் தெரியவேண்டியது, பெட்டி சொல்லப்படும் வயதுதானா என்பது. ஃபெண்டரின் டிரான்ஸ்போமரில் 606-5-32 என்று இருந்தால் 606 தயாரித்த நிறுவனமான ஷூமாக்கர், 5 ஆண்டின் கடைசி எண், 32 வாரம். வொலியூம் குமிழின் பின்புறம் 1376532 என்றால் சிடிஎஸ் நிறுவனம், 1965ஆம் ஆண்டு 32ஆம் வாரம். இந்த எண்களுக்கு முந்திய காலத்துப் பெட்டியாக அது இருக்க முடியாது. 1990களிலிருந்து வந்த மறுபதிப்புகள் முகப்பில் 1965ஐப் போலவே இருக்கும். உள்ளே அச்சிட்ட சுற்றுப்பலகை இருக்கும். மூலப் பெட்டியில் கறுத்த நார்ப்பலகையும் துணி உறை வயரும். மூலமும் மறுபதிப்பும் ஒரே விலை பெறக்கூடாது.

அந்த நார்ப்பலகையே நம் மலைக்கு ஆகாத உறுப்பு. மாதக்கணக்கில் பனிமூட்டமும் தூறலும் உள்ள இடத்தில் மெழுகேறிய பலகை ஈரத்தை இழுத்து, லேசாக மின்கடத்தும். அறிகுறி: காரணம் தெரியாத பொரிச்சல் சத்தம், குமிழைத் திருப்பினால் கரகரப்பு, எந்த வால்வை மாற்றினாலும் போகாத இரைச்சல். பெட்டி ஓடும்போது மீட்டரின் கறுப்பு முனையைச் சேசியில் வைத்து, சிவப்பு முனையால் பலகையின் வெறும் பரப்பைத் தொட்டால் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டும். நல்ல பலகையில் ஏறத்தாழ ஒன்றும் காட்டாது. தலைமுடி உலர்த்தியால் மெதுவாக உலர்த்தினால் சில பலகைகள் சரியாகும். மற்றவற்றைப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். அடுப்பு மேல் பரணில் வைத்து உலர்த்துவது கூடாது. புகைக்கரி வால்வுத் தளங்களில் படிந்து அதுவே கரண்ட் கசிய வழியாகும். அந்தக் காலக் கரித் தடைகளும் ஈரத்தில் மதிப்பு ஏறும். 100 கிலோ ஓம் என்று இருப்பது 120ஐத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். எலி கடித்த துணி வயர், கரப்பான் எச்சம், துருவேறிய வால்வுத் தளம், பூஞ்சை பிடித்த ஸ்பீக்கர்த் தாள் எல்லாம் விலையைக் குறைக்கக் காரணங்கள், வாங்காமல் திரும்பக் காரணங்கள் அல்ல.

வெளியீட்டு டிரான்ஸ்போமரை அளப்பது எளிது. கரண்ட் இல்லாமல், வெளியீட்டு வால்வுகளைக் கழற்றி, நடு இணைப்பிலிருந்து இரண்டு வால்வுத் தளங்களின் பிளேட் (வால்வின் உயர்மின் தகடு) முனைகளுக்கும் தடையை அளவுங்கள். இரண்டு பக்கமும் சில பத்து ஓமிலிருந்து நூறு, இருநூறு ஓம் வரை இருக்கும். ஒன்றுக்கொன்று பத்து வீத வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் காட்டவே இல்லையென்றால் சுற்று அறுந்துவிட்டது. சில சுற்றுகள் மட்டும் ஒட்டியிருந்தால் இந்த அளவில் தெரியாது. அதற்கு, ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றி, அந்த முனைகளுக்கு 1 வோல்ட் ஆடலோட்டம் கொடுத்து, இரு பிளேட்டுகளுக்கு இடையே என்ன வருகிறது என்று பாருங்கள். 4,000 ஓமை 8 ஓமுக்கு இறக்கும் டிரான்ஸ்போமரில் சுமார் 22 வோல்ட் வர வேண்டும். மிகக் குறைந்தாலோ, கொடுத்த 1 வோல்ட்டே விழுந்துபோனாலோ உள்ளே ஒட்டியிருக்கிறது.

இதெல்லாம் சரியென்றால்தான் கரண்ட். அதுவும் நேராக அல்ல, 60 அல்லது 100 வாட் பழைய இழைக் குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டு. எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. வெளியீட்டு வால்வுகள் கழற்றியபடியே, ஸ்பீக்கர் மாட்டியபடியே சுவிட்சைப் போடுங்கள். குமிழ் ஒருதரம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள். கெப்பாசிட்டர் அல்லது டிரான்ஸ்போமர் ஒட்டியிருக்கிறது. நிலையாக மங்கிய பிறகு குமிழை நீக்கி, வெளியீட்டு வால்வு 6எல்6 வகையானால் அதன் தளத்தின் 5ஆம் காலில் மறை 40 முதல் 55 வோல்ட் வருகிறதா என்று இரண்டு பக்கமும் அளவுங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் இணைப்புக் கெப்பாசிட்டர் கசிகிறது. அப்படியே வால்வைப் போட்டால் பிளேட் சிவந்து வால்வும் போகும், டிரான்ஸ்போமரும் போகும். கசிவு இல்லையென்றால் வால்வைப் போட்டு, வால்வின் கதோட் (மறைமுனை) இணைப்பில் 1 ஓம் தடை வைத்து அளந்தால் மில்லிவோல்ட்டே மில்லி அம்பியர். 6எல்6ஜிசி 30 வாட் வால்வு; அதில் 70 வீதம் 21 வாட்; பிளேட்டில் 450 வோல்ட் என்றால் 46 மில்லி அம்பியருக்கு மேல் விடாதீர்கள்.

பிறகு அரை மணி நேரமாவது வாசிக்க வேண்டும், ஏனெனில் கெட்டுவரும் டிரான்ஸ்போமர் சூடேறிய பிறகுதான் காட்டிக்கொடுக்கும். எரிந்த வார்னிஷ் மணம் வந்தால் எழுந்து வாருங்கள். வொலியூம் குமிழ்கள் எல்லாம் பூச்சியத்தில் இருக்கும்போது 100 சுழற்சி உறுமல் கேட்டால், உயர்மின்னைச் சீராக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வற்றிவிட்டன. மூலக் கெப்பாசிட்டர்கள் இன்னும் இருந்தால் அவை உறுமினாலும் உறுமாவிட்டாலும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்தே விலை பேசுங்கள்.

ஸ்பீக்கர் இல்லாமல் எந்த வால்வு அம்ப்ளிஃபயரையும் வாசித்துப் பார்க்கக் கூடாது. ட்வின் ரிவர்ப் 4 ஓம், டீலக்ஸ் ரிவர்ப் 8 ஓம், சூப்பர் ரிவர்ப் 2 ஓம். கையில் கிடைத்த பெட்டியை மாட்டி முழு வொலியூமில் முறுக்குவது தவறு. கோயில்களிலும் மண்டபங்களிலும் இருந்து வரும் பழைய வால்வு ஒலிபெருக்கி அம்ப்ளிஃபயர்களையும் இப்போது கிட்டார் அம்ப்ளிஃபயர் என்று விற்கிறார்கள். அவற்றில் நீண்ட வயரில் பல ஒலிபெருக்கிகளை இணைப்பதற்கான 100 வோல்ட் லைன் முனை மட்டுமே இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரை நேரே இணைக்க முடியாது. 4, 8, 16 ஓம் முனைகளும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வால்வுகளைப் பற்றிச் சுருக்கமாக: தலைப்பக்கத்து வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. கண்ணாடிச் சுவரில் நீல ஒளி பயப்படத் தேவையில்லை. பிளேட்டுகளுக்கு நடுவே ஊதா மூட்டம் என்றால் வால்வு முடிந்தது. முல்லார்ட் பெயரை இன்று யாரும் அச்சடிக்கலாம். அடிப்பக்கக் கண்ணாடியில் பொறித்த குறியீட்டைப் பாருங்கள், அதில் பி எழுத்து பிளக்பேர்ன் தொழிற்சாலையைக் குறிக்கும். பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரோனிக்ஸ்) வால்வுகள் கிடைத்தால் இளப்பமாக எண்ணாதீர்கள், உழைக்கக்கூடியவை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரம் தருவோரிடம் நான்கு விபரங்களைக் கேட்டு வாங்கிப் பிரசுரியுங்கள்: தகட்டில் உள்ள வோல்ட் அளவு, எர்த் வயர் உண்டா இல்லையா, டிரான்ஸ்போமர்கள் மூலத்தவையா மாற்றியவையா, வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எந்த ஆண்டில் மாற்றப்பட்டன. மூன்று வரி கூடினாலும், பதுளையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்து ஏமாந்து திரும்புவோர் குறைவார்கள்.

இவ்வண்ணம்,
வால்வு ஒலிச்சாதனங்கள் திருத்துவோர்,
ஹட்டன்.