கானாவுக்குக் கிளம்பும் நண்பனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உன் கம்பெனி உன்னை டெமா துறைமுக வேலைக்கு அனுப்பப்போகிறது என்று படித்ததும் இருப்புக் கொள்ளவில்லை. அக்ராவில் நான் இருக்க, பக்கத்து ஊருக்கு நீயே வருகிறாய்!

வீட்டில் திருட்டு, கொள்ளை என்று பயப்படுகிறார்களாம். அக்ராவில் பிக்பாக்கெட்டும் போன் பறிப்பும் உண்டுதான். ஆனால் இத்தனை வருடத்தில் நம் ஆட்களை நான் படுக்கையில் பார்த்தது பெரும்பாலும் மலேரியாவால்தான். இங்கே வருடம் முழுக்கக் கொசு, அதுவும் மூளை வரை போகும் ஃபால்சிபேரம் வகை. கிளம்புமுன் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை கேள். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பாதியில் விட்டவர்கள் பட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "கானா போயிருந்தேன்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடு.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் இங்கே வர முடியாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் புத்தகத்தைக் கைப்பையிலேயே வை. அது இல்லாமல் ஊர் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

அடுத்தது ரோடு. 1974-இல் இந்த நாடு வலப்பக்கம் வண்டி ஓட்டும் முறைக்கு மாறிவிட்டது. நமக்கு ரோட்டைக் கடக்கும்போது கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பும். இங்கே வண்டி இடமிருந்து வரும். ரோட்டோரம் மூடாத சாக்கடைகள் ஆழமாக இருக்கும், இருட்டிய பின் நடந்தால் டார்ச் வேண்டும். ஊர் விட்டு ஊர் போவதைப் பகலிலேயே வைத்துக்கொள். விளக்கில்லாத லாரி ரோட்டிலேயே பழுதாகி நிற்கும், எதிரே வருகிறவனும் ஓவர்டேக் செய்வான். டவுனுக்குள் ட்ரோட்ரோ என்ற ஷேர் வேனில் ஏறிப் பார், எனக்குப் பிடித்த சவாரி. கதவில் தொங்கும் பையன் "சர்க் சர்க் சர்க்" என்று கத்தினால் வண்டி அக்ராவின் பெரிய சந்திப்பான சர்க்கிளுக்குப் போகிறது என்று அர்த்தம். இங்கே பணத்துக்கு செடி (cedi) என்று பெயர், சில்லறையாக வைத்துக்கொள்.

நீ நீச்சல்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். லபாடி கடற்கரை பார்க்க அழகு. அடியில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துப்போகும். முழங்காலுக்கு மேல் இறங்காதே. வோல்டா ஏரியிலும் குளிக்காதே, நத்தையிலிருந்து பரவும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும்.

அப்புறம் தங்கம். யாராவது பாதி விலைக்குத் தங்கத்தூள் காட்டினால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடு. சொந்தக்காரர்கள் கேட்டாலும் மறுத்துவிடு. ராணுவப் புள்ளிச் சட்டை பையில் இருந்தால் எடுத்துவிடு, பொதுமக்கள் போடத் தடை. வடக்கே பாவ்கு பக்கமும் பர்கினா ஃபாசோ எல்லைப் பக்கமும் போக வேண்டாம். அங்கே சண்டை ஓயவில்லை.

இதையெல்லாம் படித்து வீட்டில் இன்னும் மிரண்டுவிடப் போகிறார்கள். இவ்வளவு மரியாதையான மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடு. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து விடுவார்கள். நீயும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும், எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போனால் முகம் சுருங்கிவிடும். புளித்த சோள மாவை வேகவைத்த கென்கேயும் பொரித்த மீனும் மிளகாய் அரைப்பும் உனக்கு ஒத்துப்போகும்.

முதல் லீவில் எல்மினா போவோம். போர்த்துகீசியர்கள் 1482-இல் கட்டிய கோட்டை. அடிமைகளாகப் பிடித்த பெண்களை அடைத்த நிலவறையில் நின்றேன்; காற்றே இல்லை, மேலே கவர்னரின் அறை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீயும் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் வந்தால் சகாராப் புழுதி வானத்தை மூடும், விமானம் தாமதமாகலாம். டிக்கெட் போட்டதும் விமான எண்ணை அனுப்பு. அக்ரா விமான நிலைய வாசலில் நிற்கிறேன். பெட்டியைத் தூக்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் கொடுக்காதே, நான் வரும்வரை உள்ளேயே இரு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்