ஊர்க் கட்டுப்பாட்டில் இதையும் சேருங்கள்

இராமநாதபுரம் கடற்கரையின் ஊர்த் தலைவர்களுக்கும், ஜமாத்தார்களுக்கும், பங்குப் பேரவையாருக்கும், கோயில் நிர்வாகிகளுக்கும்,

எல்லோருக்கும் என் வணக்கமும் சலாமும் தோத்திரமும்.

தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை நம் கரையில் ஊர் கூடி ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. விசைப்படகுக்கு எந்த நாள், நாட்டுப்படகுக்கு எந்த நாள் என்று கடலையே நாள் கணக்கில் பிரித்துக்கொண்டவர்கள் நாம். வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போகாத ஊர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை படகை இறக்காத ஊர் இருக்கிறது. மீறினால் அபராதம், அதையும் முணுமுணுக்காமல் கட்டுகிறோம். அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

புவி வெப்பமாகிறது, வீட்டுப் பழக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல யார் வந்தாலும் மகளிர் குழுக் கூட்டத்துக்குத்தான் வருகிறார்கள். லைட்டை அணையுங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள், குப்பையைப் பிரியுங்கள் என்கிறார்கள். சொல்வது அத்தனையும் சரி. நாங்களும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஒரு பக்கம் செய்து பார்க்கிறோம். ஒரு வீட்டில் குப்பையைப் பிரித்து வைத்தால், நாலு வீடு தள்ளி அதே குப்பையைக் கடற்கரையில் குவித்துக் கொளுத்துகிறார்கள். வீட்டுப் பழக்கம் என்று பெயர் இருந்தாலும் அது நிலைப்பது ஊர் ஒப்புக்கொள்ளும்போதுதான். ஊர் கூடித்தானே தேர் இழுக்க முடியும்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொள்வது கடல். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் வெளுத்துப் போயின. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடுகிறது. பாசி திரும்பி வராவிட்டால் பவளம் பட்டினியில் சாகிறது. மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் அந்தப் பாறைதான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன்பாடு குறைந்ததற்கு இழுவை வலை ஒரு காரணம், வேறு காரணங்களும் உண்டு. சூடும் அவற்றில் ஒன்று.

உடனே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. சராசரி அமெரிக்கர் ஒருவர் வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியே விடுகிறார், சராசரி இந்தியர் 2 டன் அளவுக்குத்தான். அதிலும் நம் குப்பங்களில் இருக்கிறவர்கள் எவ்வளவு விடப் போகிறோம்? நாம் அடுப்பைக் குறைத்தால் உலகம் குளிர்ந்துவிடுமா? குளிராது. பெரிய பாவம் வேறு எங்கோ நடக்கிறது, அதை உரக்கக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நான் கேட்கப்போகும் காரியங்கள் ஒவ்வொன்றும் நம் கைக்காசையும் நம் பிள்ளைகளின் மூச்சையும் மிச்சப்படுத்துபவை. அதோடு, வசதி கூடக் கூட நம் வீடுகளும் அந்த 14 டன் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. பழக்கம் வேரூன்றும் முன்பே திருப்புவது சுலபம்.

மொட்டை மாடியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மின்சாரம் அதிகம் போவது அங்கே ஏறும் சூட்டால்தான். பனையோலையும் ஓடும் போய் எல்லாம் மெத்தை வீடாகிவிட்டது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கு மேலும் அறைக்குள் அனலை இறக்குகிறது. அதனால் ஏ.சி. வாங்குகிறோம். ஒரு ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் எட்டு யூனிட் வரை இழுக்கும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஆக ஒரு ராத்திரி தூக்கத்துக்கு ஐந்தரைக் கிலோ. அதே எட்டு மணி நேரத்துக்குச் சாதாரண ஃபேன் ஒரு யூனிட்கூட இழுக்காது. கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்துப் புதிதாக வரும் பி.எல்.டி.சி. ஃபேன் அதிலும் பாதிதான்.

மாடித் தளத்தில் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திருப்பி அனுப்பப்படும், அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறையும். தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி, நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை கலந்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. மழைக்காலம் போனால் வெளுப்பு மங்கிவிடும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். சிப்பிச் சுண்ணாம்பு நம் கரைக்குப் புதிதும் அல்ல. வேலைக்கு ஆள் யார் என்கிறீர்களா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருக்கும் நேரமும், மாடி கொதிக்கும் நேரமும் ஒன்றுதான். ஊர்ப் பொதுப்பணத்தில் மொத்தமாகச் சுண்ணாம்பு வாங்கி, தடைக்காலத்தின் முதல் வாரத்தில் தெருத் தெருவாக அடித்துவிடலாம். ஆள் இல்லாத வீடு, விதவைகள் வீடு, வயதானவர்கள் வீடு முதலில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதிப் புழுக்கம் போய்விடும். ஏ.சி. இருக்கிற வீட்டுக்காரர்கள் அதை 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் கரண்ட் சுமார் 6 சதவீதம் மிச்சம்.

அடுப்பைப் பற்றி ஆண்கள் நடத்தும் கூட்டத்தில் பேசுவதில்லை, இருந்தாலும் கொஞ்சம் கேளுங்கள். 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது 40 கிலோவுக்கு மேல் கரியமில வாயு ஆகிறது. புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊறப்போட்டு, மூடி போட்டு வேகவைத்து, முக்கால் பதத்தில் அணைத்துவிட்டால் மீதி தன் சூட்டிலேயே வெந்துவிடும். சிலிண்டர் கூடுதல் நாள் வருகிறது. சீமைக்கருவேல விறகு எரிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம் அது. விட்ட வாயுவைத் துளிர்க்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. அங்கே பிரச்சினை புகைதான். அந்தக் கரிப்புகையும் வெப்பத்தைக் கூட்டுகிறது, அதற்கு முன்பே ஊதுகிற பெண்ணின் நுரையீரலைக் கெடுக்கிறது. கூரைக்கு மேலே குழாய் ஏற்றிய புகையில்லா அடுப்புக்கு ஊர் நிதியில் உதவுங்கள். அது தர்மக் கணக்கிலேயே சேரும்.

அப்புறம் குப்பை. இதில்தான் உங்கள் அபராதச் சீட்டு எனக்கு வேண்டும். ஊர் எல்லைக்குள் பிளாஸ்டிக் கொளுத்தக் கூடாது, கிழிந்த வலையைக் கொளுத்தக் கூடாது. ஈரக்குப்பையை மேட்டில் கொட்டி அமுக்கினால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் என்ற வாயு கிளம்பும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தாலும் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. நம் வீடுகளில் ஈரக்குப்பை என்றால் பாதி மீன் கழிவு. அதை எறிய வேண்டியதே இல்லை. குடல், செவுள், செதில் எல்லாவற்றையும் எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரையோடு பிசைந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் இறுக மூடி நிழலில் வைத்துவிட்டால், மூன்று நாலு வாரத்தில் நாற்றம் அடங்கித் தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். அதுதான் மீன் அமிலம். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து முருங்கைக்கும் கத்தரிக்கும் தெளித்தால், நம் வெறும் மணலில்கூட இலை கரும்பச்சையாகத் திரளும். தெருவுக்கு ஒரு பெரிய டிரம் வைத்தால் போதும். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சேரும் கழிவுக்கும் இதே வழிதான். உள்நாட்டு விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிப் போகிற பொருள் இது. குழுப் பெண்களுக்கு வருமானம்.

விசேஷங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தூரியோ, கோயில் கொடையோ, சர்ச் திருவிழாவோ, அண்டா கணக்கில் மிஞ்சுகிற சோறு குழியில் போகிறது. அதை விளைவிக்க, ஏற்றி வர, சமைக்க ஆன எரிபொருள் எல்லாம் அதோடு சேர்ந்து புதைகிறது. எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு உலை வைப்பது கௌரவக் குறைவு அல்ல. 2019 ஜனவரியில் இருந்தே தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கப்பும் இலையும் பந்தியில் எதற்கு? எவர்சில்வர் டம்ளரும் தட்டும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஒரு முறை வாங்கிப் போட்டால் பல வருஷம் வரும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நேர்ச்சைக்கு ஓலைக் கொட்டான் இருக்கிறது. முடைகிற கைகள் இன்னும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன, வாங்குகிற கை இல்லாமல்தான் தொழில் மெலிகிறது.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. நம் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்தில் இறைக்கப்பட்டு, மோட்டாருக்கு மேல் மோட்டாராகத் தள்ளப்பட்டு இங்கே வந்து சேருகிறது. ஒவ்வொரு குடத்திலும் கரண்ட் இருக்கிறது. 2003-ல் வீடுதோறும் கட்டிய மழைநீர்த் தொட்டிகள் பல மணல் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன்னால் ஊர் ஆள் போட்டுத் தூர் வாரினால் போதும்.

சூரியத் தகட்டை முதலில் பள்ளிவாசல், கோயில், சர்ச் மாடிகளில் போடுங்கள். 648 மெகாவாட் எடுக்கும் கமுதி சூரிய மின்நிலையம் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது, வெயிலுக்கா இங்கே பஞ்சம்? வீடுகளுக்கு ஒன்றிய அரசின் சூரியவீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. உப்புக் காற்றுக்குத் துரு ஏறாத தாங்கி போடச் சொல்லி வாங்க வேண்டும், தகட்டில் படியும் உப்பை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பொது இடத்தில் ஓடுவதை நேரில் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்குத் தைரியம் வரும்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்யச் சொல்லவில்லை. அடுத்த தடைக்காலத்துக்கு முன்னால் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் மாடிச் சுண்ணாம்பையும் குப்பை கொளுத்தும் தடையையும் பேச்சுக்கு எடுங்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களும் உட்கார்ந்து பேச இடம் வேண்டும், ஏனென்றால் நீங்கள் போடும் கட்டுப்பாட்டை நடத்திக் காட்டப் போகிறவர்கள் நாங்கள். எந்தத் தெருவில் எத்தனை மாடி, எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை டிரம் என்ற கணக்கை எங்கள் குழு எழுதி எடுத்து வரும்.

இப்படிக்கு,
மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊர்ப் பெண்